அறுபது நாளில் மாத்திரையை நிறுத்துதல்

அப்பாவுக்குப் புளிக்குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. அதுதான் ஆரம்பம் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதையும் இரண்டு தடவை யோசிக்காமல் என்னால் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் நோட்டு எழுதுகிறேன். அது இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. நான் சொல்வதில் நாள் கணக்கு ஏதாவது தவறினால் அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. வயது இருபத்துமூன்று. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்கிறேன். ஜவ்வரிசியைச் சலித்து, உருண்டையின் அளவு பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். வேலை முடிந்ததும் கள்ளக்குறிச்சியில் உணவியல் வகுப்பு. ஓராண்டுப் படிப்பு. ஆசிரியை ராதிகா மேடம் முதல் நாளே சொன்னார்: "தினமும் எழுதுங்க. எழுதாததை நடக்காததுன்னே எடுத்துப்பேன்." எனக்கு அது பிடித்திருந்தது.

அப்பா இருசப்பனுக்கு இரண்டு ஏக்கர் நிலம். கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் கரும்பு. ஒன்பது வருடமாகக் காலையில் பல் விளக்கியதும் நெஞ்செரிச்சல் மாத்திரை ஒன்று போட்டுக்கொள்வார். பாதி சிவப்பு, பாதி வெள்ளை. மூன்று வருடத்துக்கு முன் புதுச்சேரியில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்கவும் தினம் ஒரு மாத்திரை. இது தவிர, முழங்கால் வலித்தால் மருந்துக்கடையில் கேட்டு எதையாவது வாங்கி விழுங்குவார்.

நெஞ்செரிச்சல் மாத்திரையைக் காரணமில்லாமல் வருடக்கணக்கில் சாப்பிடக்கூடாது என்று வகுப்பில் சொன்னார்கள். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மெதுவாகக் குறைத்து நிறுத்தலாம் என்றும் சொன்னார்கள். பருவ இறுதிக்கு ஒரு செய்முறைப் பதிவேடு கொடுக்க வேண்டும்: ஒருவருடைய ஒரு பழக்கத்தை மாற்றி, நாள்தோறும் எழுதி வைப்பது. நான் அப்பாவைத் தேர்ந்தெடுத்தேன். அறுபது நாள் என்று தலைப்பில் எழுதினேன்.

முதலில் சாப்பாட்டைச் சரிசெய்தேன். புளியைக் குறைத்தேன். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடிக்க வைத்தேன். கட்டிலின் தலைமாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினேன். அப்பா எல்லாவற்றுக்கும் கேலி பேசிக்கொண்டே ஒத்துழைத்தார்.

"இன்னா பாப்பா, கொழம்புல புளியக் காட்டிட்டு எடுத்துட்டியா? கட்டிலு வேற சறுக்குமரமாட்டம் இருக்குது. காலையில எங்கயாவது தெருவுல கெடப்பேன், வந்து எடுத்துக்கினு போ."

மாத்திரையை மட்டும் விடமாட்டேன் என்றார். "டாக்டரு சொன்னா வுட்டுர்றேன். நீ பூட்டப் பூட்டிட்டு மூணு தபா இழுத்துப் பாக்குறவ. உன்ன நம்பி வுட முடியுமா?"

அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் நோட்டின் அட்டை உட்புறத்தில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

மறுநாள் மதியம் ஆலையில் அனுமதி வாங்கிக்கொண்டு போய் அப்பாவின் மருத்துவரைப் பார்த்தேன். அது முதல் பக்கத்தில் இருக்கிறது.

"கேட்டியா? இன்னா சொன்னாரு?" என்றார் அப்பா.

"பாத்துக்கலாம்னாருப்பா" என்றேன்.

அந்த வாரம் கடையில் ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா ஒன்று வாங்கினேன். ஞாயிறு முதல் சனி வரை. அட்டையிலிருந்து பிரித்து நானே அடுக்கி வைப்பேன் என்றேன். அப்பாவுக்கு ஒரே பெருமை. பக்கத்து நிலத்துக்காரரிடம் எடுத்துப் போய்க் காட்டினார். "எம் பொண்ணு எனக்குக் கம்பவுண்டரு" என்றார்.

நெஞ்செரிச்சல் மாத்திரையின் கூட்டை லேசாகத் திருகி இழுத்தால் இரண்டாகப் பிரியும். உள்ளே வெள்ளையாகச் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் ஆலையில் கடைசிச் சல்லடைக்கும் கீழே விழுகிற பொடிக் குருணை அதே அளவுதான். தினமும் என் கையில் புழங்குவது. ஒரு பொட்டலம் கொண்டுவந்தேன்.

முதல் வாரம் ஒவ்வொரு கூட்டிலும் கால் பங்கு மருந்தைக் கொட்டிவிட்டு ஜவ்வரிசிக் குருணை போட்டேன். இரண்டாம் வாரம் அரைப் பங்கு. மூன்றாம் வாரம் முக்கால். இருபத்திரண்டாம் நாளிலிருந்து முழுவதும் ஜவ்வரிசி. மெதுவாகக் குறைக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னதைத்தான் செய்தேன். அவசரப்படவில்லை.

இருபத்தைந்தாம் நாள் எரிச்சல் வந்தது. நிறுத்தியதும் சில வாரம் அமிலம் அதிகமாகச் சுரக்கும், பிறகு தணியும் என்று படித்திருந்தேன். அதனால் நான் பயப்படவில்லை. அப்பா மோர் குடித்தார், வெள்ளரிக்காய் தின்றார், எதற்கும் எரிச்சல் அடங்கவில்லை.

"பத்திக்கினு எரியுது பாப்பா. ஒண்ணு பத்தலபோல. ரெண்டா போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோப்பா" என்று இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். அதுவும் ஜவ்வரிசிதான். பத்து நிமிடத்தில் தேவலை என்றார். அதையும் எழுதியிருக்கிறேன்.

நாற்பதாம் நாள் எரிச்சல் நின்றது. நான் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். "இல்லம்மா, சுத்தமா இல்ல" என்றார். என் வாழ்க்கையில் நான் நினைத்தது நினைத்தபடி நடந்தது அதுதான் முதல் தடவை. அன்று பூட்டை ஒரு முறைதான் இழுத்துப் பார்த்தேன்.

நாற்பத்தொன்பதாம் நாள் கொல்லையிலிருந்து வந்தவர் சொன்னார்: "தாரு மாதிரி கறுப்பா போவுது. நேத்து கேவுரு களி துன்னதாலயா?"

"ஆமாம்பா" என்றேன்.

நோட்டில் 'மலம் கறுப்பு, கேழ்வரகு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். பிறகு அதை அழித்தேன். அழித்த தடம் இப்போதும் தெரியும்.

ஐம்பத்துமூன்றாம் நாள் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டப் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தலை சுற்றுகிறது என்றார். ஐம்பத்தாறாம் நாள், செவ்வாய்க்கிழமை, அம்மா என்னிடம் வந்தாள். அவள் பெயர் ராணியம்மாள். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. அதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

"ஏண்டி, உங்கப்பா மொகம் சுண்ணாம்பாட்டம் வெளுத்துக்கினு வருது. கள்ளக்குறிச்சிக்கு இட்டுக்கினு போலாம், வா."

"திங்கக்கெழம போலாம்மா."

"அதுவரைக்கும் இன்னா வேலடி உனக்கு?"

"வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்மா. இளநி குடு."

பதிவேட்டைச் சனிக்கிழமை கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் வயிற்றுக்கு அதே மருந்தை ஊசியாகப் போட்டுவிடுவார்கள். ஐம்பத்தாறு நாள் வீணாகிவிடும். நான்கு நாள்தான் மிச்சம் இருந்தது.

அம்மா நான் சொன்னதைக் கேட்காமல் அப்பாவையே நேரே கேட்டாள். அவர், "செல்வி சொன்னா சரியாத்தான் இருக்கும். அவதான படிக்கிறா" என்றார்.

வியாழக்கிழமை காலை அப்பா ரத்தமாக வாந்தி எடுத்தார். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. நூற்றெட்டுக்கு நான்தான் போன் செய்தேன். வண்டி வந்தது. வழியிலேயே முடிந்துவிட்டது.

சனிக்கிழமை வகுப்புக்குப் போய்ப் பதிவேட்டைக் கொடுத்தேன். கடைசி இரண்டு நாள் வரிசைகளில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தேன். ராதிகா மேடம் முதல் பக்கத்தைப் படித்தார். அதற்கு மேல் திருப்பவில்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போனார். உங்களுக்குப் போன் செய்தது அவராகத்தான் இருக்கும். அதில் தவறில்லை.

முதல் பக்கத்தை இப்போது நீங்களும் படித்திருப்பீர்கள். மருத்துவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறேன். 'இவருக்கு இது நெஞ்செரிச்சலுக்கு மட்டும் இல்லம்மா. ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை வயித்தைப் புண்ணாக்கும். புண்ணு வெடிச்சு உள்ளயே ரத்தம் போகும், மலம் கறுப்பா வரும். அது வராம இருக்கத்தான் இது. நிறுத்தவே கூடாது.' கீழே தேதி போட்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று நான் சொல்லவில்லை.

நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அப்பாவிடம் குனிந்து, நெஞ்சு எரிகிறதா என்று கேட்டேன். அவர் இல்லையென்று தலையாட்டினார். ஐம்பத்தெட்டாம் நாள் வரிசையைப் பாருங்கள், ஐயா. நெஞ்செரிச்சல்: இல்லை. அதற்கு அந்த மாத்திரை தேவைப்படவே இல்லை.