ஐந்து மீட்டர் தள்ளி

— ரெண்டு பாக்கெட்டையும் வெளிய இழு, ஃபெர்கஸ்.

— இழுத்தாச்சு ஹெட்டி. காத்துதான் இருக்கு.

— இறகு? முட்டை ஓடு? கல்லு?

— பென்குயின் எல்லைக் கொடியைத் தாண்டி ஒரு தூசி கொண்டாரல. அனுமதி வாங்கிட்டுப் போனவன் நானு, திருடன் இல்ல.

— அதை நான் சொல்லணும். பூட்ஸைக் காட்டு. அய்யே! பென்குயின் பீயில புரண்டு வந்தியா? தேயி. நல்லாத் தேயி.

— தேய்க்கறேன் தாயே. நீ காவலுக்கு நின்னா அழுக்கு பயந்து தானா விழுந்துடும்.

— வாயைக் குறை. உள்ள போனதெல்லாம் வெளிய வந்துடுச்சா? கேமரா, டேப்பு, ரேடியோ?

— வந்துடுச்சு.

— அதை ஏன் பூட்ஸைப் பாத்துச் சொல்ற?

— ஒண்ணு மட்டும் வரல.

— ஃபெர்கஸ்!

— கத்தாத, முட்டை மேல உக்காந்திருக்குதுங்க.

— என்னத்தை விட்டுட்டு வந்த?

— நான் எங்க விட்டேன்? பென்குயின் திருடிடுச்சு. கூட்டுக்குக் கல்லு பொறுக்குற களவாணி.

— அது கல்லைத்தானே திருடும்?

— கல்லுன்னு நெனச்சிருக்கும். சின்னது. பளபளன்னு இருக்கும். நடுவுல ஓட்டை.

— வாஷரா?

— வாஷராம்! ஹோபார்ட் துறைமுகத்துலேர்ந்து காலுறைக்குள்ள ஒளிச்சுக் கொண்டாந்தேன். மோதிரம், ஹெட்டி.

— மோதிரத்தை எதுக்குடா உள்ள கொண்டு போன? போகும்போதே கேட்டேன்ல, வேற எதாவது வெச்சிருக்கியான்னு?

— வாங்கினதே உனக்கு. உன்கிட்டயே எப்படிச் சொல்றது?

— தேய்க்கறதை நிறுத்தாத. ம். அப்புறம்?

— சாயங்காலம் கேக்கலாம்னு இருந்தேன். நாளைக்கு எனக்கு ஊருக்குக் கப்பல், நீ குளிர்காலம் பூரா இங்க ஆராய்ச்சி நிலையத்துல. உன்னைப் பாத்தா எனக்கு நாக்கு குழறும். அதான் பென்குயின்கிட்ட ஒத்திகை பாத்தேன்.

— அப்ப நீ மண்டி போட்டது அதுக்கா! பைனாகுலர்ல பாத்துட்டு, முட்டை எண்ணுறியோன்னுல்ல நெனச்சேன்!

— அஞ்சு மீட்டர் தள்ளித்தான் போட்டேன். அளந்துட்டுப் போட்டேன். மோதிரத்தை முன்னால வெச்சு, கட்டிக்கிறியான்னு கேட்டேன். பின்னாலேர்ந்து இன்னொருத்தன் குடுகுடுன்னு வந்தான், கவ்விட்டான்.

— அய்யோ, சிரிப்பு தாங்கல. துரத்தலயா?

— எப்படித் துரத்தறது? அஞ்சு மீட்டர் சட்டம் எனக்குத்தானே, அவனுக்கா? நேராப் போய்ப் பொண்டாட்டி காலடியில வெச்சான். குனிஞ்சு பாத்தா. முட்டை பக்கத்துல சொருகிட்டா. அவ ஒரு நொடியில சரின்னுட்டா. நீ என்ன சொல்ற?

— நான் நிலையத் தலைவி டெஸ்கிட்ட ரேடியோவுல சொல்லணும்.

— கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் சொல்லேன்!

— மொதல்ல தகவல்.

— ஆமாமா. தன் காலுறையில வெளியூர்ப் புல்விதை ஒண்ணு இங்க வந்துடுச்சுன்னு தன் மேலயே புகார் எழுதினவதானே நீ.

— பேசாம இரு. டெஸ், ஹெட்டி பேசறேன். ஓவர்.

— சொல்லு கண்ணு. சாப்பாடு ஆறுது. ஓவர்.

— ஒரு மோதிரம் உள்ள மாட்டிக்கிச்சு. பென்குயின் கூட்டுல இருக்கு. ஃபெர்கஸ் கொண்டு போனான்.

— அந்தப் பயலை இன்னிக்கு மொத்த நிலையத்துப் பாத்திரத்தையும் தேய்க்கச் சொல்லு. பூட்ஸ் தேய்ச்ச கை, நல்லாத் தேய்க்கும். இப்ப யாரும் கூட்டுக்கிட்டப் போகாதீங்க கண்ணு.

— போகல.

— குஞ்சுங்க கடலுக்குக் கிளம்பினதும், பொருள் யாரோடதோ அவங்க உள்ள போய் எடுக்கலாம். ஆனா இவன் நாளைக்கே கப்பல் ஏறிடுவானே?

— ஏறட்டும்.

— ஏறட்டுமா? ஹெட்டி! அவ்வளவுதானா?

— பின்னால யாரு கண்ணு கத்துறது?

— பென்குயின்.

— சரி, அனுமதியில பேர் போடணும். மோதிரம் யாரோடது? பாத்துச் சொல்லு, நீ சொன்னா அப்படியே எழுதிடுவேன். ஓவர்.

— என்னோடது.