வான்கோழியைக் கழுவாதே

— கொழாய தொறக்காத மாலா! வான்கோழிய கழுவாதன்னு எத்தினி வாட்டி சொல்றது?

— கழுவாம எப்படிங்க ஓவன்ல வைக்கிறது? ரத்தமும் பிசுக்குமா கெடக்குது.

— நீ தள்ளு. டிஷ்யூவால நானே தொடச்சிடறேன். தண்ணி ஊத்துனா நாலா பக்கமும் தெறிக்கும். சிங்க்கு, தட்டு, அந்தத் தக்காளி, எல்லாத்துலயும் கிருமி ஒட்டிக்கும்.

— கல்யாணமாயி வந்ததுலேர்ந்து கோழி, கறி, மீனு எல்லாத்தயும் கழுவித்தான் ஆக்கிப் போடறேன். இந்த வீட்ல யாரு என்னா ஆயிட்டாங்க?

— இன்னிக்கி மட்டும் சொன்னா கேளு. மேடகிட்ட வராத.

— கையில ரப்பர் உறை, மூஞ்சில மாஸ்க்கு. இது அடுப்படியா, ஆபரேஷன் தியேட்டரா? வைத்திக்குப்பத்துல பொறந்தவ நானு. வெறுங்கையால மீன் கொடல உருவி வளந்தவ.

— மீனு வேற, இது வேற. அந்த வெண்ணெய் கிண்ணத்த இப்பிடித் தள்ளு. நெஞ்சுத் தோலுக்கு அடியில தடவுனாத்தான் கறி வறண்டு போவாது.

— தடவுங்க. ரொட்டி, வெங்காயமெல்லாம் வதக்கி வச்சிருக்கேன். ஈரல குடுங்க, அரிஞ்சு சேத்து வயித்துக்குள்ள அடைச்சிரலாம்.

— அடைக்க வேணாம். உள்ள அடைச்சா நடுவுல வேவாது. ரொட்டிய தனியா தட்டுல வேவ வச்சிக்கலாம். ஈரல தூக்கிப் போட்டுட்டேன்.

— போட்டுட்டீங்களா? உங்க அக்காவுக்கு அதுலதான உசுரு! ஒம்பது வருஷம் கழிச்சு பாரீஸ்லேர்ந்து வராங்க...

— தெரியும் மாலா. ரெண்டு பையில போட்டு இறுக்கிக் கட்டியிருக்கேன். தெரு நாய் வாய் வைக்கக்கூடாது.

— நாய் தின்னா என்னாவாம்?

— ஓவன் கதவ தொற. சூடாயிருச்சா பாரு.

— ஆயிருச்சு. இருங்க, நானும் ஒரு கை புடிக்கிறேன்.

— வேணாம், நீ தொடாத. அப்பாடா, வச்சாச்சு. இனிமே கலர பாத்து எறக்கக்கூடாது. தொடச் சதையில, எலும்பு படாம, தெர்மாமீட்டர குத்திப் பாக்கணும். நெஞ்சுலயும் குத்தணும். எழுபத்தஞ்சு டிகிரி தாண்டணும்.

— அதுக்குள்ள கருகிட்டா?

— கருகட்டும்.

— போன் அடிக்குது பாருங்க. வான்கோழி வாங்கினீங்களே, பாகூரு வெற்றிவேலு, அந்தாளு நம்பர்தான். காலைலேர்ந்து அடிச்சிகினே இருக்குது.

— எடுக்காத.

— ஏன் எடுக்கக்கூடாது? ஹலோ...

— தேவதாஸ் அண்ணனா? நான் வெற்றிவேலு சம்சாரம், அஞ்சலாட்சி.

— அண்ணன் இல்லம்மா, அவரு வீட்டுக்காரி மாலா. ஏன் அழுவுற?

— அக்கா, அந்தக் கோழிய தின்னுட்டீங்களா?

— இப்பதான் ஓவன்ல வச்சிருக்கோம்.

— வேணாங்க்கா. பண்ணையில ஒண்ணு விடாம கழுத்து தொங்கிச் செத்துப்போச்சு. எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டி கதிர்காமம் ஆஸ்பத்திரில படுக்க வச்சிருக்குது. முந்தாநாளே அண்ணங்கிட்ட சொன்னாருக்கா, கோழிங்க சாவுது, வேணாம்ணேன்னு. அண்ணன்தான் கேக்கல. நிக்கறதுல ஒண்ணு போதும்னு அறுக்கச் சொல்லி வாங்கிகினு போனாரு.

— முந்தாநாளே சொன்னாரா... சரி, வைம்மா. நீ ஆஸ்பத்திரிக்குப் போ.

— மாலா, என்னைப் பாரு.

— தெரிஞ்சே கொண்டாந்தீங்களா?

— ஊரு பூரா தேடினேன், எங்கயும் கெடைக்கல. அப்பா சாவுக்குக்கூட வராத அக்கா, தானா போன் பண்ணிச்சு. ‘அப்பா இருந்தப்ப மாதிரியே கிறிஸ்மஸ் ராத்திரி ரெவெய்யோன் விருந்து சாப்புடணும் தம்பி, தேந்து போடு’ன்னு கேட்டுச்சு. வான்கோழிய அது அப்பா மாதிரி தேந்துன்னுதான் சொல்லும். இல்லன்னு எப்பிடிச் சொல்லுவேன்? நல்லா வெந்துட்டா எந்தக் கிருமியும் நிக்காது மாலா. எல்லாம் படிச்சுப் பாத்துட்டுத்தான் செஞ்சேன்.

— வெந்தா நிக்காது. பச்சையா தொட்டா?

— அதுக்குத்தான உன்ன கிட்ட விடல. நான் மட்டுந்தான் தொட்டேன். உனக்கு ஒண்ணும் ஆவாது, பயப்படாத.

— முந்தாநாளு ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு நீங்க வெளிய போயிட்டீங்க. குருத்து றெக்க நெறைய நிக்குதேன்னு நம்ம பொண்ணு சுடர்விழிதான் மடியில வச்சிகினு ஒவ்வொண்ணா புடுங்குனா. காலைலேர்ந்து ஜொரத்துல நெருப்பா கெடக்குறா. அத்தை வர நேரம், அப்பாகிட்ட சொல்லாதம்மான்னு என் கையப் புடிச்சிகினு கேட்டா.