ஒத்துக்காத ஊசி

...ரெண்டு நாளு! பெத்தவளுக்கும் ஒண்ணுமில்ல, புள்ளைக்கும் ஒண்ணுமில்ல, ஆனா வூட்டுக்கு வுட மாட்டாங்களாம்! நாலு மணி நேரத்துக்கொரு தரம் சிஸ்டர் வந்து, தூங்குற புள்ளையத் தட்டி எழுப்பி காய்ச்சல் பாக்குது, மூச்ச எண்ணுது. ஏம்மா, நீ இப்பத்தான் வந்து சேந்தியா? வலி வுட்டு வுட்டு வருதா? சாஞ்சிக்க, சாஞ்சிக்க.

நான் கலைமகள், கருவடிக்குப்பம். தேங்காய்த்திட்டு ஹார்பருல மீன் ஏலம் எடுத்து வண்டியில விக்கிறவ. கெளுத்தி முள்ளு கையில ஏறினாக்கூடப் புடுங்கிப் போட்டுட்டு வெல பேசுவேன். ஆனா ஊசி... ஐயையோ! கண்ணுல பட்டாலே வாசலத் தேடுவேன்.

ஒம்பதாம் மாசம் கீழ பஞ்சுக் குச்சி வுட்டு டெஸ்ட் எடுத்தாங்கல்ல? அதுல ஸ்ட்ரெப்புன்னு ஒரு கிருமி இருக்குன்னு வந்திச்சி. "பயப்படாத, நெறைய பேருக்கு இருக்கும், ஒனக்கு ஒண்ணும் பண்ணாது. பொறக்கும்போது புள்ளைக்கு ஒட்டிக்கிச்சின்னாதான் ஆபத்து. வலி எடுத்ததும் வந்துடு, பென்சிலின் ஏத்திடலாம். பொறக்கறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியாவது ஏறணும்"னாங்க டாக்டரம்மா. நானும் கரெக்டா வந்தேன்! மொதோ வலிக்கே வந்தேன்!

டூட்டி டாக்டரு கேட்டாரு, "எந்த மருந்தாச்சும் ஒத்துக்காதா?" நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எங்க வூட்டுக்காரரு வெற்றிவேலு குதிச்சி வந்து, "பென்சிலின் ஒத்துக்காது டாக்டர்! மூச்சே நின்னு ரெண்டு நாளு ஐசியுல கெடந்தா!"

யாரக் கேட்டுச் சொன்னாருங்கறேன்! ...சரி, அந்தக் கத யாரு சொன்னது? நான்தான். கல்யாணம் ஆன புதுசுல காய்ச்சல்னு ஊசி போடக் கூட்டிப்போனாரு. தப்பிக்கறதுக்கு அள்ளி வுட்டேன். ஐசியு கூட நான் சேத்ததுதான்.

"அப்ப வேற மருந்து பாக்கணும், அது புள்ளைக்கு இவ்ளோ உறுதியில்ல"ன்னு டாக்டரு போனத் தூக்கிக்கிட்டு ஓடறாரு. அப்பவே சொல்லியிருக்கலாம்ல? பக்கத்துல எங்க அத்த, ஈரத்துணியால நெத்தியத் தொடச்சிக்கிட்டே, "பாவம் எம் மருமவ, எவ்ளோ பட்டிருக்கா"ன்னு கண் கலங்குறாங்க. எப்பிடிச் சொல்றது? மூணு மணி நேரம்மா... பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தேன்.

அப்பறம் வந்திச்சி பாரு ஒரு வலி! "பொய்யி! எல்லாம் பொய்யி! ஊசிக்குப் பயந்து சொன்னேன், போட்டுத் தொலைங்க!"ன்னு கத்திட்டேன். அத்த ஈரத்துணிய எடுத்துக்கிட்டு அந்தாண்ட போயிட்டாங்க.

டெஸ்ட் டோஸ் போட்டுப் பாத்து ஏத்துனாங்க. ஒரு தடிப்பு வரல, ஒண்ணும் வரல. ஆனா எம் பொண்ணு ஒன்றரை மணி நேரத்துல வந்துட்டா. நாலு மணி நேரம் ஆவலல்ல? அதான் இந்தக் காவல். நேத்து பூரா அவ நெஞ்சையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். ஏறுது, எறங்குது... சித்த நின்னாப்புல இருந்தா எம் மூச்சு நின்னுடும். காலையிலதான் சொன்னாங்க, நல்லாப் பால் குடிக்கிறா, நாளைக்குப் போலாம்னு. அத்த இன்னும் பேசல. சூப்பு மட்டும் டொக்குன்னு வெச்சிட்டுப் போறாங்க.

ஒனக்கு அந்த டெஸ்ட்டுல என்னா வந்திச்சி? ...என்னாது, எடுக்கவே இல்லியா? எடுத்தேன், ஒண்ணுமில்லன்னா சிஸ்டர்கிட்ட சொல்லிட்ட? ஏம்மா? ...கூச்சமா?

நான் யாரு ஒன்னத் திட்ட...

ஏ, எங்க எழுந்திரிச்சிட்ட? ...ஓ. சிஸ்டர் மேச அந்தக் கதவுக்கு வெளியதான். செவுத்தப் புடிச்சிக்கிட்டு மெதுவாப் போ. எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு. திட்டுவாங்க... திட்டட்டும், வாங்கிக்க.