பூப்போட்ட உறை

கற்பிட்டி பஸ் பாலாவியை விட்டு நகர்ந்ததும், முன்சீட்டில் இருந்த முக்காடிட்ட பெண் பக்கத்திலிருந்த மூத்தவரிடம் சொன்னார்:

"என்ட மருமகள் பிரசவ வலியிலயும் ஊசியத் தடுத்துட்டாள், ராத்தா."

"ஏன், பயந்துட்டாளா?"

"பயமா, அவளுக்கா? பென்சிலின் ஒத்துக்காது. கிளினிக் கார்ட்டுல சிவப்பு மையால எழுதித்தான் இரிந்திச்சி. கார்ட் கசங்கும் எண்டு நான்தான் பூப்போட்ட தாளால உறை போட்டேன். எழுத்து உள்ளுக்குப் போயிட்டுது."

"யா அல்லாஹ்!"

"புள்ளைக்குக் கிருமி தொத்தாம இரிக்க நர்ஸ் மிஸ் பென்சிலின் ஊசியக் கொண்டு வந்தாவாம். இவள் கைய இழுத்துட்டாள். டாக்டர் வந்து, 'முந்திப் போட்டநேரம் தோல் மட்டும் தடிச்சதா, மூச்சும் முட்டினதா?' எண்டு கேட்டாராம். ஒரு வலிக்கும் மத்த வலிக்கும் நடுவுல, 'உதடு வீங்கி மூச்சு முட்டினது' எண்டாளாம்."

"பொறகு?"

"'அப்ப அந்த இனத்து மருந்தே வேணாம்' எண்டு, எந்த மருந்துக்குக் கிருமி சாகும் எண்டு கிளினிக்ல எடுத்த ரிப்போட்டப் பாத்து வேற மருந்து ஏத்தினாராம். உம்மாவும் புள்ளயும் சொகம், அல்ஹம்துலில்லாஹ். 'இப்பிடித் தெளிவாச் சொன்னா எங்கட வேல லேசு' எண்டு டாக்டரே சொல்லீக்கிறார், ராத்தா!"

குறிஞ்சிப்பிட்டியில் இறங்க எழுந்த மாமியார், பையிலிருந்து அந்தக் கார்ட்டை எடுத்து உயர்த்திக் காட்டினார். பூப்போட்ட உறை அப்படியே இருந்தது. அதன்மேல், பூக்களையெல்லாம் மறைத்துக்கொண்டு, கோணல்மாணலாகச் சிவப்பில்: பென்சிலின் வேண்டாம்.

"இது நான் எழுதினது," என்றார், பஸ் முழுக்கக் கேட்க.