குரூப்புக்கு ஒரு மாவிளக்கு

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில், பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். மூத்தவர் சொன்னார்: "ஆத்தாளுக்கு ஒரு மாவிளக்கு, நம்ம கம்பெனி போன் குரூப்புக்கு ஒரு மாவிளக்கு."

இளையவள் சிரித்துவிட்டாள். "எல்லாரும் சேருங்கன்னு போர்மேன் அம்புட்டுக் கெஞ்சுனப்ப, வேலையத்த வேலைன்னு நீங்கதானக்கா சொன்னீக?"

"சொன்னேன்தான். அன்னைக்கு நீ அதுல பேசலன்னா என்ன ஆயிருக்கும்?"

"வீட்டுக்குப் போன பெறகுதான் நெனப்பு வந்துச்சு. உங்க ரூம்ல கூரை ஒழுகி, மிச்ச வெடிமருந்துல மழைத்தண்ணி சொட்டுனதப் பாத்திருந்தேன். ஈரம் பட்டா அந்த மருந்து தானா சூடாகி வெடிச்சிருமே. நேர்ல அவரு முன்னாடி எனக்கு வாயே தொறக்காது. போன்லன்னா மூஞ்சியப் பாக்க வேண்டாமே. பேசி அனுப்பிட்டேன்."

"அதக் கேட்டுட்டுத்தான் காலையில கேட்டு வாசல்லயே போர்மேன் எங்க ரூம் ஆளுக நாலு பேரையும் மறிச்சிட்டாரு. கூலி போச்சேன்னு நான் சண்டைக்கு நின்னேன். அந்நேரந்தான் அந்த ரூம் வெடிச்சுச்சு."

பிறகு மூத்தவர் கூடையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார்.

"இந்தா தாயி, என்னையும் சேத்து விடு."

"சேத்தாச்சுக்கா. இதை அமுக்கிக்கிட்டுப் பேசுங்க."

அவர் போனை வாயருகே வைத்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "போர்மேன் ஐயா, நான் மருந்து ரூம் முத்தம்மா. நாங்க நாலு பேரும் நல்லா இருக்கோம்."

எழுதியது: வைகாசி 21, திங்கள்.