முகம் மறைத்த படம்

திருச்செந்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் கைப்பேசியைப் பார்த்தபடி, பக்கத்திலிருந்த அண்ணியிடம், "பிடிச்ச நேவிக்காரன் நல்லாயிருக்கணும் மைனி" என்றாள்.

"ஏளா, கிறுக்கு பிடிச்சிருக்கா? புருஷன ஜெயில்ல போட்டவன வாழ்த்துதியே!"

"பீடி இலை ஏத்திட்டுப் போயி எட்டு நாளாச்சு. ஒரு போன் இல்ல. கடலோட போயிட்டாவளோன்னுல்லா கெடந்தேன். இப்ப பாருங்க, கடத்தல் இலையப் பிடிச்சோம்னு இலங்கை நேவி படம் போட்டிருக்கான். மூட்டைக்குப் பக்கத்துல மூணு பேரு."

"மூஞ்சிய மறைச்சில்லா போட்டிருக்கான். எப்படிக் கண்டுபிடிச்ச?"

"சட்டையப் பாருங்க. மாதா திருநாளுக்கு எடுத்தது."

"அத ஊரே எடுத்துச்சுல்லா. ஒங்க அண்ணனும் இன்னைக்கு அதத்தான் போட்டிருக்காவ."

"நடுவுல இருக்கது அவுகதான் மைனி. சோத்துக்கு உக்காந்தாலும் இப்படித்தான் முட்டியக் கட்டிக்கிட்டு இருப்பாவ."

"கேஸ் முடிய எத்தனை மாசமாவுமோ."

"ஆவட்டும். இருக்காவன்னு தெரிஞ்சா போதும். நீங்க சொல்லுங்க, அவுகதானே?"

மூத்தவர் கைப்பேசியை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மேலும் பெரிதாக்கினார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவருதாம்ளா. எனக்குத் தெரியாதா?"

இளையவள் படத்தில் மறைத்திருந்த முகத்தை விரலால் தடவினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எட்டு நாளுல தாடி வளந்திருக்கும், என்ன மைனி?"