கண்ணைச் சுருக்கியவள்

எனக்கு ஞாபகசக்தி அதிகம் ஐயா. அக்காகூட அதைச் சொல்லித்தான் அலுத்துக்கொள்வாள். ஒரு விசேஷத்தில் யாராவது என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டால், அது வருஷக்கணக்கில் மங்காது.

கண்ணாடிக் கடையின் மாடியில் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. கூட்டம் எனக்கு ஆகாது. கீழே கல்லாவில் இருந்த பெண்தான் தினமும் டீயை மேலே கொண்டுவந்து வைப்பாள். "ஆறிடப்போகுதுண்ணா" என்பாள். நல்ல பெண் என்றுதான் நினைத்திருந்தேன்.

மேனேஜர் ஓய்வுபெற்ற அன்று என்னையும் நாலு வார்த்தை பேசச் சொல்லி மாட்டிவிட்டார்கள். பேசிக்கொண்டே நிமிர்ந்தால், பின்வரிசையில் அவள் கண்ணைச் சுருக்கி, உதட்டைக் கோணிக்கொண்டு என்னையே பார்த்தாள். அன்று அவள் சிரித்ததாக நினைவில்லை. மறுநாள் யோசித்தபோது லேசாகச் சிரித்தாள். வாரக் கடைசியில் வாய்விட்டுச் சிரித்தாள். மாதம் முடிவதற்குள் கடையே அவளோடு சேர்ந்து சிரித்தது. நினைக்க நினைக்கத்தானே எதுவும் துல்லியமாகும்.

பிறகு லென்ஸ் மாற்றித் தரச் சொல்லித் தன் கண்ணாடியை என்னிடமே கொடுத்தாள். மையத்தைக் கொஞ்சம் தள்ளித் தேய்த்தேன். அப்படிச் செய்தால் தரை இருக்கிற இடத்தில் தெரியாது. தலை சுற்றுகிறது என்று வந்து சொன்னாள்.

"புதுக் கண்ணாடில்ல, பழகிடும்மா. கழட்டாம போட்டுக்கோ" என்றேன். நம்பினாள். என் வேலையில் யாரும் குறை கண்டதில்லை.

அடுத்த நாள் என் காலி டம்ளரோடு இறங்கும்போது அவளுக்கு மேல்படியிலேயே கால் தவறியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள். சும்மா தடுமாறுவாள் என்றுதான் நினைத்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். அந்தப் படிக்கட்டு எவ்வளவு செங்குத்து என்று எனக்குத் தெரியும்.

நேற்று விழாவின் வீடியோவைப் போட்டுக் காட்டினீர்கள். அதில் நான் திக்காமல் பேசுகிறேன். முதலில் கைதட்டுவது அவள்தான். அவள் முகத்தில் கண்ணாடி இல்லை. ஆமாம், அன்று அது பழுதுபார்க்க வந்து என் சட்டைப்பையில்தான் இருந்தது. கண்ணாடி இல்லாதவர்கள் எட்ட இருக்கும் முகத்தைப் பார்க்க அப்படித்தான் கண்ணைச் சுருக்குவார்கள். தினமும் பார்க்கிறவன், எனக்குத் தெரியாதா?

ஆனால் வீடியோவில் எல்லாம் பதிவாகாது ஐயா. இதோ, நீங்களும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். சிரிக்கவில்லை என்பீர்கள். பரவாயில்லை, நாளைக்கு யோசித்துப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.